இருபது கேள்விகள், ஒரே நோயாளி

2018 ஜூன் 14 அன்று நியூ ஜெர்சியின் மான்மத் பார்க் குதிரைப் பந்தயத் திடலில் மாநில ஆளுநர் ஃபில் மர்ஃபி கவுன்ட்டர் முன்னால் நின்று 40 டாலர் கட்டினார். உலகக் கோப்பைக் கால்பந்தில் ஜெர்மனி ஜெயிக்கும் என்று 20 டாலர். ஐஸ் ஹாக்கியில் சொந்த ஊர் டெவில்ஸ் அணி கோப்பை வாங்கும் என்று 20 டாலர். ஜெர்மனியில் அமெரிக்கத் தூதராக இருந்தவர், பழைய பாசம். இரண்டு வாரம் முடியுமுன்னே ஜெர்மனி தென் கொரியாவிடம் உதை வாங்கி முதல் சுற்றோடு மூட்டை கட்டியது. டெவில்ஸ் அந்தப் பருவத்தில் பிளேஆஃப் வாசலைக்கூட மிதிக்கவில்லை. ஆக, மாநிலத்தின் முதல் சட்டபூர்வ விளையாட்டுப் பந்தயத்தைக் கட்டிய பெருமகனார் கட்டிய இரண்டிலும் தோற்றார். எந்த அரசும் தன் குடிமக்களுக்கு இதைவிட நாணயமான எச்சரிக்கையைக் கொடுத்ததில்லை. நாம்தான் கைதட்டிவிட்டுக் கலைந்தோம்.

இந்தக் கதைக்கு முன்கதை உண்டு. விளையாட்டுப் பந்தயத்தைப் பெரும்பாலான மாநிலங்களில் முடக்கிய 1992ஆம் ஆண்டுச் சட்டத்துக்காக முன்னணியில் நின்றவர் பில் பிராட்லி. பழைய கூடைப்பந்து வீரர், நியூ ஜெர்சியின் செனட்டர். அந்தச் சட்டத்தை 2018 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் உடைத்ததும் அதே நியூ ஜெர்சிதான். பந்தயம் வந்தால் கல்லூரி விளையாட்டின் புனிதம் போய்விடும் என்று கடைசிவரை எதிர்த்து வழக்காடியது என்சிஏஏ, கல்லூரி விளையாட்டுகளை ஆளும் அமைப்பு. 2025இல் அதே என்சிஏஏ, தன் போட்டிகளின் அதிகாரபூர்வப் புள்ளிவிவரங்களைப் பந்தயக் கம்பெனிகளுக்குக் கொண்டுசேர்க்க ஒரு தரவு நிறுவனத்துடன் ஒப்பந்தம் போட்டது. புனிதத்துக்கு விலை இருந்திருக்கிறது; அப்போது யாரும் சரியான தொகை சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இப்போது நோயாளியிடம் வருவோம். நோயாளி என்று தீர்மானிக்கப்பட்டவன் மாணவன்.

தனக்குள் என்ன ஓடுகிறது என்று தனக்கே பிடிபடாதவர்கள் இருக்கிறார்கள். வயிறு பிசையும், நெஞ்சு படபடக்கும். அது பயமா, அவமானமா, தனிமையா, பசியா என்று கேட்டால் தெரியாது. 1970களின் தொடக்கத்தில் பாஸ்டன் மனநல மருத்துவர் பீட்டர் சிஃப்னியோஸ் இதற்கு அலெக்ஸிதைமியா என்று பெயர் வைத்தார். பிறகு டொரன்டோவில் 20 கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்று வந்தது. மாணவனை உட்காரவைத்துப் பென்சிலைக் கொடுத்தால் கால் மணி நேரத்தில் மதிப்பெண் வந்துவிடும். 1995இல் டெட்ராய்ட்டின் வெய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் மார்க் லம்லியும் அவருடைய சகாவும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் இதைப் பார்த்தார்கள். சூதாட்டம் நோயாகவே முற்றியிருந்த மாணவர்களிடம் இந்தக் குறை மற்றவர்களைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு இருந்தது. அதன்பின் நாடு நாடாக ஆய்வுகள் வந்தன. உணர்ச்சியை அறிய முடியாத பிள்ளை, அந்தப் பெயர் தெரியாத பாரத்தை இறக்கிவைக்கச் சூதாட்டத்தைத் தேடிப் போகிறான் என்பது சாரம். ஆய்வாளர்கள் மேல் எனக்குப் பிணக்கு எதுவும் இல்லை. அவர்கள் கண்டது உண்மைதான்.

ஆனால் ஒரு வேடிக்கையைப் பாருங்கள். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் சூதாட்ட நோய்க்கு ஒன்பது அறிகுறிகள் உண்டு. நான்கு இருந்தால் நோய். அவற்றில் ஒன்று, மனம் நொந்திருக்கும்போது, அதாவது குற்ற உணர்வோ பதற்றமோ சோர்வோ இருக்கும்போது சூதாடுவது. தன் மனம் நொந்திருப்பதே தெரியாத பையன் அந்தக் கட்டத்தில் ‘இல்லை’ என்று டிக் அடித்துவிட்டு எழுந்து போவான். யாருக்கு உதவி அதிகம் தேவையோ அவனுக்கே ஒரு மதிப்பெண் குறைகிறது. பரீட்சையில் மதிப்பெண் குறைந்தால் வீட்டில் தெரிந்துவிடும். இதில் குறைந்தால் யாருக்கும் தெரியாது.

எனக்கு இருக்கும் சந்தேகம் எளியது. இருபது கேள்விகள் தயாராக இருக்கின்றன, பென்சிலும் இருக்கிறது. மாணவனை மட்டும் ஏன் உட்காரவைக்கிறீர்கள்?

முதலில் மாநில அரசை அழைப்போம். ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் சூதாட்ட ஆய்வு மையம் 2023இல் அரசிடம் அறிக்கை கொடுத்தது: நியூ ஜெர்சியில் நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு பேருக்குச் சூதாட்ட நோய் இருக்கக்கூடும், நாட்டுச் சராசரியைப்போல மூன்று மடங்கு. இதைப் படித்த அரசுக்கு என்ன தோன்றியது? வருத்தமா, வெட்கமா, பயமா? வெளியே எதுவும் தெரியவில்லை. அடுத்த ஆண்டு, 2024இல், மாநிலத்தின் சூதாட்ட வருமானம் 630 கோடி டாலரைத் தொட்டது. சாதனை என்று அறிவித்தார்கள். வருமானம் என்ற சொல்லை இங்கே கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். ஆடியவர்கள் அத்தனை பேரும் சேர்ந்து ஓராண்டில் தோற்ற தொகை அது. 2025இல்தான் அரசின் நெஞ்சில் முதன்முறையாக ஏதோ அசைந்தது: இணையப் பந்தயத்தின் மீதான வரியை 13 சதவீதத்திலிருந்து 19.75 சதவீதமாக உயர்த்தியது. பிள்ளை ஒரு டாலர் தோற்றால் அரசுக்கு இனி ஏறத்தாழ 20 சென்ட். பிள்ளை நன்றாகத் தோற்க வேண்டும் என்பதில் அரசுக்கு முன்பைவிட அக்கறை கூடியிருக்கிறது.

வாஷிங்டனும் பின்தங்கவில்லை. சட்டபூர்வமாகக் கட்டப்படும் ஒவ்வொரு விளையாட்டுப் பந்தயத்திலும் 0.25 சதவீதம் கூட்டரசுக்குப் போகிறது. 1951இலிருந்து இருக்கும் வரியின் வழி வந்தது. மதுவுக்கும் போதைப்பொருளுக்கும் சிகிச்சைப் பணம் ஒதுக்கும் அந்த அரசு, சூதாட்ட நோய்க்கென்று தனியாக ஒதுக்கியது சுழியம். வசூலிக்கத் தெரிந்த கைக்குக் கொடுக்க வரவில்லை.

நியூ ஜெர்சிக்கு மனசாட்சியே இல்லை என்று சொல்லிவிட முடியாது, கொஞ்சம் வைத்திருக்கிறார்கள். மாநிலத்துக் கல்லூரி அணிகள் மீது பந்தயம் கட்டக் கூடாது என்பது சட்டம். 2021 நவம்பரில் அதைத் தளர்த்தலாமா என்று மக்களிடம் கேட்டார்கள். மக்கள் கூடாது என்று வாக்களித்தார்கள். ஆகவே நியூ பிரன்ஸ்விக் விடுதி அறையில் படுத்திருக்கும் ரட்கர்ஸ் மாணவன் ரட்கர்ஸ் மீது கட்ட முடியாது. ஒஹையோ மீது கட்டலாம், மிச்சிகன் மீது கட்டலாம், எங்கோ விளையாடும் முகம் தெரியாத பத்தொன்பது வயதுப் பையன்களின் ஆட்டத்தின் மீது கட்டலாம். நம் வீட்டுப் பிள்ளையை வைத்துச் சூதாடினால் பாவம்; பக்கத்து வீட்டுப் பிள்ளையை வைத்து ஆடினால் பொருளாதார வளர்ச்சி.

அடுத்து பல்கலைக்கழகம். இவர்கள் உணர்ச்சி நிபுணர்கள். வளாகத்தில் கவுன்சிலிங் மையம் உண்டு, பரீட்சை வாரத்தில் தடவிக்கொடுக்க நாய்க்குட்டி வரும், தியானம் உண்டு. 2020இல் கொலராடோ பல்கலைக்கழகம் பாயின்ட்ஸ்பெட் என்ற பந்தயக் கம்பெனியுடன் ஒப்பந்தம் போட்டது. பல்கலைக்கழகத்தின் குறியீட்டைப் போட்டு யாராவது புதிதாகச் சேர்ந்து பந்தயம் கட்டினால் தலைக்கு 30 டாலர். ஆள் பிடித்துக் கொடுப்பவருக்குத் தமிழில் ஒரு பெயர் இருக்கிறது. துணைவேந்தர்களை அப்படி அழைக்கும் வழக்கம் இல்லை. லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம் சீசர்ஸ் என்ற பந்தயக் கம்பெனிக்காக அனுப்பிய மின்னஞ்சல், பந்தயம் கட்டும் வயதே வராத மாணவர்களின் பெட்டியிலும் விழுந்தது. மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகமும் அதே சீசர்ஸோடு கைகுலுக்கியது. நாடே சிரித்த பிறகு, 2023இல், சூதாட்டத் தொழில் சங்கம்தான் இனிக் கல்லூரிகளோடு இப்படிப்பட்ட கூட்டு வேண்டாம் என்று தன் விதியைத் திருத்தியது. அறிவாலயத்துக்கு வெட்கம் கற்றுக்கொடுத்த பெருமை சூதாட்டச் சங்கத்தைச் சேரும்.

அதே ஆண்டு என்சிஏஏ 18 முதல் 22 வயதினரிடம் கணக்கெடுத்தது. 58 சதவீதம் பேர் ஏதோ ஒரு விளையாட்டுப் பந்தயத்திலாவது இறங்கியிருந்தார்கள். வளாகத்தில் தங்கிப் படிப்பவர்களில் அது 67 சதவீதம். பெரும்பாலான மாநிலங்களில் சட்டப்படி வயது 21 என்பதை அந்த எண்களின் பக்கத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

இனி கம்பெனி. இருபது கேள்வியிலும் தேறக்கூடிய ஒரே ஆள் இவர்தான். அமெரிக்காவில் ஒரு மாணவனின் உணர்ச்சியை இவ்வளவு நுட்பமாகப் படிப்பவர் வேறு எவரும் இல்லை. அவன் எத்தனை மணிக்கு விழிக்கிறான், எந்தத் தோல்விக்குப் பிறகு தொகையை இரட்டிப்பாக்குகிறான், எத்தனை நாள் ஒதுங்கியிருந்தால் எந்த போனஸைக் காட்டினால் திரும்பி வருவான், எல்லாம் அவர் ஏட்டில் இருக்கிறது. பையனுக்குத் தான் தனிமையில் இருப்பது தெரியாது, ஆப்புக்குத் தெரியும். ராத்திரி ஒன்றரை மணிக்கு எங்கோ உலகத்தின் மறுகோடியில் டேபிள் டென்னிஸ் ஆட்டம் இருக்கிறது என்று அது செய்தி அனுப்பும். அம்மா அனுப்பிய ‘சாப்பிட்டியா’ பார்க்கப்படாமல் கிடக்கும். ஜெயிக்கத் தெரிந்தவன் வந்தால் அவன் கட்டக்கூடிய தொகையைக் குறைத்துவிடுவார்கள். தாராளமாகத் தோற்பவனுக்கு விஐபி அந்தஸ்து, பெயர் சொல்லி அழைத்துப் பிறந்தநாள் வாழ்த்து சொல்ல ஒரு ஆள். ஐந்தாறு பந்தயங்களை ஒன்றாகக் கட்டும் பார்லேயைத்தான் பளபளவென்று முன்னால் வைப்பார்கள், கம்பெனிக்கு அதில்தான் கொள்ளை. எல்லாவற்றுக்கும் அடியில், பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கும் எழுத்தில், 1-800-கேம்ப்ளர் என்ற உதவி எண். பொறுப்போடு ஆடுங்கள் என்ற உபதேசம் வேறு. பொறுப்போடு ஆடுகிறவர்களை மட்டும் நம்பியிருந்தால் இந்தக் கம்பெனிகள் கடை சாத்தி வெகுநாள் ஆகியிருக்கும்.

கலிஃபோர்னியாக்காரர்கள் இந்த இடத்தில் நெஞ்சை நிமிர்த்துவார்கள். 2022இல் இணையப் பந்தயத்தை அனுமதிக்கச் சொன்ன 27ஆம் முன்மொழிவை ஐந்தில் நான்கு பேருக்கு மேல் நிராகரித்த மாநிலம் அது. நல்லது. ஆனால் விரலுக்கும் சூதுக்கும் நடுவே இருந்த சின்னத் தயக்கத்தையும் துடைத்தெடுக்கும் கலை வளர்ந்தது விரிகுடாப் பகுதியில்தான். மென்லோ பார்க்கில் இருக்கும் ராபின்ஹுட் என்ற பங்கு வர்த்தகக் கம்பெனி, அதன் ஆப்பில் பங்கு வாங்கினால் திரையில் வண்ணக் காகிதத் துகள் தூவியது. ஏச்சு வாங்கிய பிறகு 2021இல் நிறுத்தியது. அதற்கு முந்தைய ஆண்டு இருபது வயதுக் கல்லூரி மாணவன் ஒருவன், தன் ராபின்ஹுட் கணக்கில் 7,30,000 டாலர் கடன் ஏறிவிட்டதாகத் திரை காட்டியதைப் பார்த்து உயிரை மாய்த்துக்கொண்டான். உண்மையில் அவன் தரவேண்டிய தொகை அது அல்ல. உதவி கேட்டு அவன் எழுதிய மின்னஞ்சல்களுக்கு இயந்திரம் பதில் போட்டது. இங்கே எனக்கு நையாண்டி வரவில்லை.

2025இலிருந்து அதே ராபின்ஹுட்டில் கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் பணம் கட்டலாம், கால்ஷி என்ற சந்தை வழியாக. இது பந்தயம் இல்லையாம், ‘நிகழ்வு ஒப்பந்தம்’. கோதுமை விலை, எண்ணெய் விலை ஒப்பந்தங்களைக் கண்காணிக்கும் கூட்டரசு ஆணையத்தின் கீழ் வருகிறதாம். ஆகவே 21 வயது வேண்டாம், 18 போதும். வாக்காளர்கள் வேண்டாம் என்ற கலிஃபோர்னியாவிலும் கிடைக்கும், பந்தயத்தை அனுமதிக்கும் சட்டமே இல்லாத டெக்சாஸிலும் கிடைக்கும். நிறுத்து என்று உத்தரவு போட்ட மாநிலங்களில் நியூ ஜெர்சியும் ஒன்று. கால்ஷி நீதிமன்றம் போய் அந்த உத்தரவுக்கு இடைக்காலத் தடை வாங்கியது. பிள்ளைகள் கெடுகிறார்கள் என்று நியூ ஜெர்சி பதறியதாக எடுத்துக்கொள்ள எனக்கும் ஆசைதான். பக்கத்தில் உரிமக் கட்டணமும் வரியும் கட்டாத கடை திறந்தால் சந்தை ஏலக்காரருக்கு வரும் பதற்றம் அது.

டெக்சாஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2023இல் ஆஸ்டினின் கீழவை மொபைல் பந்தயத்துக்குத் தலையசைத்தது. மேலவை அதை எடுத்தே பார்க்கவில்லை. ஒழுக்கம் காப்பாற்றப்பட்டது. டாலஸிலிருந்து ஒன்றரை மணி நேரம் வடக்கே ஓட்டி ரெட் ரிவரைத் தாண்டினால் ஒக்லஹோமாவின் வின்ஸ்டார், உலகத்தின் மிகப்பெரிய காசினோக்களில் ஒன்று, பதினெட்டு வயதுக்கே கதவு திறக்கும். வாகன நிறுத்தத்தில் எந்த மாநில நம்பர் பிளேட் அதிகம் என்று கேட்டுவிடாதீர்கள்.

இவ்வளவு பேரையும் ஏசியாயிற்று. கடைசியாக ஒருவர் அறைக்கு வெளியே கைகட்டி நிற்கிறார், தன் முறை வராது என்ற நம்பிக்கையில். உள்ளே வாருங்கள் அப்பா.

இவர் ஒரு ஆள் இல்லை, அமெரிக்காவுக்கு வந்த தமிழ் அப்பாக்கள் அத்தனை பேரும். எடிசனில் இருக்கிறார், ஃப்ரீமான்ட்டில் இருக்கிறார், ஃப்ரிஸ்கோவில் புதுவீடு கட்டியிருக்கிறார். நல்ல மனிதர், உழைப்பாளி, கோவில் டிரஸ்டுக்கு நன்கொடை தருபவர். தமிழ்நாட்டில் ஆன்லைன் ரம்மியைத் தடை செய்ய 2022இல் மசோதா வந்தபோதும், ஆளுநர் ரவி அதைத் திருப்பி அனுப்பியபோதும், 2023 ஏப்ரலில் ஒருவழியாகச் சட்டமானபோதும் வாட்ஸ்அப்பில் இவர் அனுப்பிய ஃபார்வர்டுகளுக்கு எண்ணிக்கை இல்லை. ‘நம்ம ஊர்ப் பசங்க சீரழிஞ்சு போறாங்க சார், யாராவது கேக்க வேண்டாமா?’ அந்த நேரத்தில் மாடியறையில் இவருடைய மகன் பார்லேயின் நாலாவது பந்தயம் முடியக் காத்திருந்தான். இவரும் சும்மா இல்லை. விரிகுடாப் பகுதியில் பங்குச் சந்தை திறக்கும் காலை ஆறரைக்கு, பல் தேய்க்குமுன், அன்றைக்கே காலாவதியாகும் ஆப்ஷனை வாங்கிவிட்டுத்தான் காபி. அதற்குப் பெயர் முதலீடு.

பிள்ளை பிறந்ததிலிருந்து இவர் அவனிடம் கேட்ட கேள்விகளை எழுதிப் பாருங்கள். எத்தனை மார்க்? கிளாஸ்ல எத்தனையாவது? எஸ்ஏடி எவ்வளவு? ஜிபிஏ எவ்வளவு? பேஸ் சேலரி எவ்வளவு? எல்லாக் கேள்விக்கும் விடை எண். பதினெட்டு வருஷம் எண்ணில் மட்டுமே பதில் சொல்லிப் பழகிய பையனின் கையில், எண்ணில் மட்டுமே பேசுகிற ஒரு கருவி வந்து சேர்ந்தது. பந்தய விகிதம் ப்ளஸ் 150, மைனஸ் 110. அவனுக்கு அது அந்நியமாகவா தோன்றும்? அழுதால் ‘ஆம்பளப் புள்ள அழலாமா’, கோபப்பட்டால் ‘திமிரு’, சோர்ந்து உட்கார்ந்தால் ‘உனக்கென்னடா குறை, நாங்கெல்லாம் அந்தக் காலத்துல…’ என்று தொடங்கும் புராணம். என்னடா ஆச்சு என்றால் நத்திங்ப்பா. அந்த நத்திங்கில் அப்பாவுக்கு முழுத் திருப்தி. ஆராய்ச்சி எதுவும் எடிசன் அப்பாக்களைக் குற்றவாளி என்று சொல்லவில்லை; அதை நான்தான் சொல்கிறேன், பழியை ஆய்வாளர்கள் மேல் போட வேண்டாம்.

திருக்குறளில் சூது என்றே ஓர் அதிகாரம் உண்டு, 94ஆவது. பத்துக் குறள். டாலஸ் பக்கம் மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் பிள்ளைகளுக்குக் குறளுக்கு ஒரு டாலர் பரிசு தரும் போட்டி நடந்திருக்கிறது. நல்ல முயற்சி, குறை சொல்ல மாட்டேன். கணக்கு மட்டும் போட்டுப் பார்த்தேன்: சூதாடாதே என்று தடங்கலில்லாமல் ஒப்பித்தால் பத்து டாலர். அந்தப் பத்துக் குறளில் என்ன இருக்கிறது, உனக்கு எப்போதாவது அப்படி இருந்திருக்கிறதா என்று வீட்டில் யாராவது கேட்டிருந்தால் அது இலவசம்.

இங்கேயே பிறந்தவன் கதை இது. இன்னொருவன் இருக்கிறான், அவனைப் பற்றித் தமிழ்ச் சங்கக் கூட்டங்களில் பேச்சே வராது. ஈரோட்டிலிருந்தோ விருதுநகரிலிருந்தோ வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்து மாஸ்டர்ஸ் படிக்க வந்தவன். ஒரே அறையில் நான்கு பேர். இருபத்திரண்டு வயது, ஆகவே நியூ ஜெர்சியில் சட்டபூர்வ வாடிக்கையாளன். வேலைச் சந்தை இறுகிக் கிடக்கிறது, அனுப்பிய விண்ணப்பங்களுக்குப் பதில் இல்லை, அடுத்த செமஸ்டர் கட்டணம் கணக்கில் கிடக்கிறது, முதல் பந்தயத்துக்கு போனஸ் என்று ஆப் கூப்பிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அம்மா மட்டுமில்லை, அத்தை, சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் வரிசையாக முகம் காட்டுவார்கள். எப்படிப்பா இருக்க? சூப்பரா இருக்கேன்மா. கட்டணப் பணம் போய் மூன்று நாள் ஆகியிருக்கும். இவனை எந்த ஆய்வாளர் உட்காரவைத்து இருபது கேள்வி கேட்பார்? கேட்டாலும் இவன் சரியான பதிலைத்தான் தேடுவான். பரீட்சை எழுதி எழுதி வந்தவன்.

எப்போதாவது ஒரு பையன் மாட்டிக்கொள்கிறான். கிரெடிட் கார்டு ரசீது வீட்டுக்கு வரும், அல்லது அக்காவிடம் கடன் கேட்டு அகப்படுவான். வீட்டில் அணுகுண்டு. அம்மா சாமி அறையில். அப்பா கடனை அடைக்கிறார். அதில் குறை வைக்க மாட்டார், அந்த வாரத்தின் ஆப்ஷன் கொஞ்சம் கைகொடுத்திருக்கும். ஊரில் யாருக்கும் தெரியக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, பையனையும் அழைத்துக்கொண்டு, இரண்டு கவுண்டி தாண்டி ஒரு வெள்ளைக்கார சைக்காலஜிஸ்ட்டிடம் போகிறார்கள். அவர் பொறுமையாக விளக்குகிறார்: உங்கள் மகனுக்குத் தன் உணர்ச்சிகளை அடையாளம் கண்டுகொள்வதில் சிரமம் இருக்கிறது, மெதுவாகப் பழக்க வேண்டும், மாதக்கணக்கில் ஆகலாம், வீட்டிலும் நீங்கள் அவனோடு பேச வேண்டும்.

அப்பா கவனமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு இரண்டு சந்தேகங்கள் கேட்டார். இது டிரான்ஸ்கிரிப்ட்டில் வருமா? வராது என்றார் அவர். அப்படியென்றால் சம்மர் இன்டர்ன்ஷிப்புக்குள் முடிந்துவிடுமா?